மணலில் படரும் பசுமை

நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பும் நம்மவர் வெறுங்கையுடன் வருவது அரிது. ஒரு கையில் மலைநாட்டு மரக்கறிப் பை இருக்கும். மறு கையில், கடதாசி சுற்றிய சிறு பூச்சாடியொன்று இருக்கும். அந்தச் சாடியில் இருப்பது பெரும்பாலும் பூச்செடியன்று. நீலம் கலந்த பச்சை நிறத்தில், கைவிரல் நீளக் கிளைகளைச் சாடியின் விளிம்புக்கு மேலாகத் தாழவிட்டுக்கொண்டு, பூவின்றியே அழகாயிருக்கும் ஒரு குட்டை ஊசியிலைச் செடி அது. தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் பழைய பங்களாக்களில் இச்செடி புற்றரையின் ஓரத்திலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் படர்ந்திருப்பதைக் கண்ட ஒருவருக்கு, "கல்முனையில் என் வீட்டு முற்றமும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!" என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. நமது கரையோர வளவுகள் மணல் வளவுகள். தென்னைக்கும் முருங்கைக்கும் இடையே வெண்மணல் வெறுமையாகக் கிடக்கின்றது. கச்சான் காற்று எழுந்தால் அந்த மணல் திண்ணைக்கு வருகிறது. திண்ணையைத் தாண்டிச் சோற்றுக் கோப்பைக்கும் வருகிறது. அதனை மூடிக்கிடக்கும் என்றும் பசுமையான ஒரு போர்வையை எவர்தாம் விரும்பமாட்டார்?

இச்செடி நமது கரையில் வளருமா, வளருமாயின் எவ்வாறு, வளராதாயின் அதன் பணியைச் செய்யவல்ல வேறொன்று உண்டா என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலிலே செடியை அறிமுகம் செய்துகொள்வோம். தவழும் ஊசியிலைச் செடிகளில் மிகப் பெரும்பாலானவை ஜூனிப்பர் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. பைன், சைப்பிரசு ஆகியவற்றைப் போன்று இவையும் உண்மையான பூவும் கனியும் இல்லாத கூம்புத் தாவரங்கள். ஜூனிப்பரில் நீலநிறக் கனிபோலத் தோன்றுவதும் கனியன்று. செதில்கள் சதைப்பற்றுற்று ஒன்றாய் இணைந்த சிறு கூம்பே அது. இந்த இனத்திலே வானளாவும் மரங்களும் உண்டு. முழங்காலுக்கு மேல் எழாத செடிகளும் உண்டு. வட அமெரிக்காவின் கடலோரப் பாறைகளிலும் பேரேரிகளின் மணல்மேடுகளிலும் படரும் வகை ஒன்று. யப்பான் நாட்டுக் கடற்கரை மணலிலே படரும் 'கரை ஜூனிப்பர்' மற்றொன்று. யப்பானிலிருந்தே வந்த, ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரத்துக்கு மேல் வளராத 'நானா' என்னும் குட்டை வகை பிறிதொன்று. மலைநாட்டிலிருந்து நாம் கொண்டுவரும் சாடிகளில் இவ்வகைகளுள் ஒன்றோ இவற்றின் உறவோ இருக்கலாம்.

ஒரு தாவரம் நிமிர்ந்து நில்லாது ஏன் தவழ்கின்றது? சோம்பலினால் அன்று. ஓயாது வீசும் காற்று, காற்றோடு வரும் உப்புத் துளி, ஆண்டில் பல மாதம் மேலே அழுத்தும் பனி ஆகியவற்றின் நடுவே, நிமிர்ந்தவை ஒடிந்தன, தாழ்ந்தவை பிழைத்தன. தரையோடு தரையாகக் கிடக்கும் கிளையின் மேற் காற்றின் வேகம் குறைவு. மணல் வந்து மூடினால் அக்கிளை மணலுக்குள்ளே வேர்விட்டு மேலும் படர்கிறது. இலை ஊசிபோற் குறுகியும் மெழுகு பூசப்பெற்றும் இருத்தலால் நீரிழப்புக் குறைகின்றது. ஆகவே தவழ்தல் என்பது ஒரு செடியின் குணம் மட்டுமன்று; அது பிறந்த இடம் அதற்குக் கற்பித்த பாடமுமாகும். இந்த ஒன்றை மனத்திற் கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறேன். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றது.

"யப்பானியக் கடற்கரை மணலில் வளர்வது கல்முனைக் கடற்கரை மணலில் வளராதா? மணலும் மணல்தானே, உப்பும் உப்புத்தானே?" என்று வினவலாம். நியாயமான வினா. மணலையும் உப்பையும் அச்செடி தாங்கும். தாங்காதது நமது வெப்பத்தை. அதிலும் இரவு வெப்பத்தை. குளிர்நாட்டுச் செடிகளுக்கு ஆண்டில் ஓர் ஓய்வுக் காலம் உண்டு. பகலிலே இலைகள் ஆக்கிய உணவை இரவின் குளிர் செலவாகாமற் காக்கின்றது. நமது கரையிலோ இரவும் வெப்பமாகவே கழிகின்றது; செடி இரவெல்லாம் மூச்சுவிட்டுப் பகற் சம்பாத்தியத்தைச் செலவிட்டு விடுகிறது. வருவாய் குறைந்து செலவு மிகுந்த குடும்பம் போல அது மெல்ல மெல்ல மெலிகின்றது. ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் அதற்கு அந்தத் துன்பம் இல்லை. 1861ஆம் ஆண்டிலே சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கென ஹக்கலையில் ஒரு தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டதும், குளிர்நாட்டு மரங்கள் பல அங்கே செழிப்பதும் இந்த உயரத்தின் பயனேயாம்.

அறபு நாடுகளில் தொழில் செய்து வந்த நம்மவர் சிலர், "சவூதியிலே இம்மரத்தைக் கண்டோமே" என்பர். கண்டிருப்பர், அது மெய்யே. ஆனால் எங்கே கண்டனர்? செங்கடற் கரையின் மணலில் அன்று. அபஹா நகரைச் சூழ்ந்த அசீர் மலைகளின் உச்சிகளிலே. பாலைநாட்டிலும் ஜூனிப்பர் குளிர்ந்த மலையைத் தேடித்தான் ஏறியிருக்கின்றது.

இரவு வெப்பத்துக்கு அடுத்தபடியாக இரண்டு இடர்கள் உள. ஒன்று நமது மாரி. ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றோடு வந்து கொட்டிவிடுகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலெழுந்து, வளவுகளில் நாட்கணக்காக நீர் நிற்பதும் உண்டு. ஜூனிப்பரின் வேர் ஈரத்தை விரும்பும். நீரில் நிற்பதை விரும்பாது. பூஞ்சணம் பற்றி வேர் அழுகும்; அழுகியது வெளியே தெரிய ஒரு மாதம் ஆகும்; தெரியும்போது செய்வதற்கு ஒன்றும் இராது. மற்றது கச்சான். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து, ஈரம் வற்றி, நெருப்புக் காற்றாக நம்மிடம் இறங்குவது அது. ஆனி, ஆடி மாதங்களிலே பகல் வெப்பநிலை 33, 34 பாகை செல்சியசைத் தொடும் நாட்களில், வேர் உறிஞ்சுவதைவிட விரைவாக இலை நீரை இழக்கின்றது. அவ்வேளையிலேதான் கண்ணுக்கு எளிதில் தென்படாத செஞ்சிலந்திப் பேன்களும் ஊசியிலைகளுக்கிடையே குடியேறுகின்றன. பச்சை மங்கிச் சாம்பல் நிறமாகி, உள்ளிருந்து வெளியாகக் கிளைகள் காய்கின்றன.

ஆகவே, வளவு மண்ணிலே இதனை நட்டுக் கம்பளமாகப் படரச் செய்யலாம் என்ற எண்ணத்தைக் கைவிடுவதே நன்று. எனினும் ஆசையோடு கொண்டுவந்த செடியை எறிந்துவிட வேண்டுவதில்லை. சாடியிலே, சிறிது கவனத்தோடு, சில ஆண்டுகள் அதனைப் பேணலாம். அதற்கான முறை இது.

அடியிலே துளைகள் உள்ள மண்சாடியைத் தெரிந்தெடுங்கள். பிளாஸ்திக்குச் சாடி வெயிலிற் சூடேறி வேரை வேகவைக்கும். மண்சாடி தன் சுவரூடாக ஈரத்தை வெளிவிட்டு வேரைக் குளிர்விக்கும். கலவைக்குப் பருமனான ஆற்றுமணல் இரண்டு பங்கு, உடைத்துச் சலித்த செங்கற்றுண்டு ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு போதும். கடல்மணலைச் சேர்க்கவேண்டாம், சாடியென்னும் சிறு இடத்திலே அதன் உப்பு வெளியேற வழியில்லை. காலை வெயில் படுவதும் பிற்பகல் நிழல் உள்ளதுமான கிழக்குத் திண்ணை ஓரமே இதற்குத் தக்க இடம். கச்சான் நேரே தாக்கும் மேற்குப் பக்கம் ஆகாது. விரலை ஓர் அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். நாள் தவறாது ஊற்றும் நற்பண்பு இச்செடியைக் கொல்லும். வெயிற் காலத்தில் வாரம் இருமுறை அதிகாலையில் இலைகளின் மேலும் கீழும் நீரைப் பீச்சிக் கழுவினால் பேன்கள் பெருகமாட்டா. மாரி தொடங்கியதும் சாடியை இரண்டு செங்கற்களின் மேல் உயர்த்தி, கூரைத் தாழ்வாரத்தின் கீழ் வைத்துவிடுங்கள். கிளைகளை வெட்ட நேர்ந்தால் பச்சை உள்ள நுனியை மட்டும் வெட்டுங்கள். இலையுதிர்ந்த பழங்கிளை வரை வெட்டினால் அவ்விடத்தில் மீண்டும் துளிர்க்காது. குரோட்டன் செடியை வெட்டிப் பழகிய கைகள் இந்த ஒன்றிலே தவறுவதுண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்த மாசி மாதத்தில், கலவையை மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தால் செடி வாழும். ஆனால் ஒரு சாடிச் செடி வளவு மணலை மூடாது. கடற்பக்கத்திலிருந்து வரும் மணலைத் தடுக்காது. அந்தப் பணிக்கு யாரை அழைப்பது?

சிலர் சவுக்கை நினைப்பர். சவுக்கும் என்றும் பசுமையானது. தூரத்தில் நோக்கினால் பைன் மரம் போலவே தோன்றும். கூம்பு போன்ற காயும் உண்டு. ஆனால் அது ஊசியிலை மரமன்று. ஊசியெனத் தோன்றுவது கணுக்கணுவான பச்சைக் காம்பு. உண்மையான இலை, அக்கணுக்களைச் சுற்றி மிகச் சிறிய பற்களைப் போன்று குறுகிக் கிடக்கின்றது. அது பூக்கும் தாவரங்களைச் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின்னர் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கரையோரங்களில் சவுக்கு பெருமளவில் நடப்பட்டது. காற்றைத் தடுப்பதில் அதற்கு நிகர் குறைவு. விறகுக்கும் கம்புக்கும் உதவும். எனினும் அதன் அடியிலே உதிரும் காம்புகள் தடித்த படுக்கையாகத் தரையை மூடி, வேறு செடி கொடிகளை முளைக்கவிடுவதில்லை. கடலுக்கு மிக அருகிலே சவுக்கை நெருக்கி நட்டால், மரம் உயரே நிற்கும். மணலைப் பிடிக்கவேண்டிய தரை வெறுமையாய்க் கிடக்கும். ஆகவே சவுக்கின் இடம் பின்வரிசை. முன்வரிசைக்கு உரியவர் வேறு.

அவர் வேறெங்கும் இல்லை. நமது காலடியிலேயே இருக்கின்றார். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் பக்கமாகவோ, சாய்ந்தமருதிலோ, மருதமுனையிலோ கடலை நோக்கி நடக்கும்போது, ஆட்கள் அதிகம் மிதியாத இடங்களில், மணலின்மேல் நீளநீளமாக ஓடிக்கிடக்கும் கொடியைக் காணாதார் இல்லை. தடித்த பச்சை இலை. இலையின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். காலையிலே ஊதாச் சிவப்புப் பூ மலரும். அடம்பன் கொடி என்கிறோம். தாவர நூலார் அதன் பிளந்த இலையை ஆட்டின் குளம்போடு ஒப்பிட்டு, இலத்தீன் மொழியில் 'ஆட்டடி' என்ற பொருளிலே பெயர் வைத்தனர். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, குறுந்தொகைப் புலவர் 'அடும்பு' என்று இதனைக் குறித்து, இலையை மானின் அடியோடு ஒப்பிட்டிருக்கின்றார். ஆடாயினும் மானாயினும் கண்ட கண் ஒன்றே. நெய்தல் நிலத்தின் அடையாளமாக நமது முன்னோர் கண்ட கொடி இது.

ஜூனிப்பர் குளிர்நாட்டுக் கரையிலே கற்ற பாடத்தை, அடம்பன் வெப்பநாட்டுக் கரையிலே கற்றிருக்கின்றது. தாழ்ந்து கிடத்தல், கணுவுக்குக் கணு வேர் விடுதல், மணல் மூடினால் மேலெழுதல், உப்புத் துளியைத் தாங்குதல், ஆண்டு முழுவதும் பசுமையாய் இருத்தல் ஆகிய அனைத்தும் இரண்டுக்கும் பொது. ஒன்றுக்குக் குளிர் இரவு வேண்டும், மற்றதற்கு வேண்டியதில்லை. நாம் மலையேறிச் சென்று விலைகொடுத்து வாங்கிவந்த அந்தப் பண்புகளெல்லாம் நமது கரையிலே விலையின்றிக் கிடக்கின்றன.

அடம்பனின் விதை நீரில் மிதக்கும். மாதக்கணக்காகக் கடலில் அலைந்தும் முளைக்கும் ஆற்றல் கெடாது. அதனாலேயே உலகின் வெப்பமண்டலக் கரைகள் யாவற்றிலும் இக்கொடி காணப்படுகிறது. அதன் தோழன் இராவணன் மீசை என்னும் முட்புல். சிங்கள மக்களும் இதனை இராவணனின் தாடி என்றே அழைக்கின்றனர். மீசையா தாடியா என்பதிலேதான் கருத்து வேறுபாடு! அதன் உருண்டைக் கதிர் காற்றிலே மணல்மேல் உருண்டோடுவதைப் பிடித்து விளையாடாத கரையோரப் பிள்ளை இல்லை. உருண்டோடும் அக்கதிர்தான் விதை தூவும் வண்டி.

இவை இரண்டும் செய்யும் தொழில் என்ன? கடலிலிருந்து அலை கரைக்குக் கொண்டுவரும் மணலைக் காற்று உலர்த்தி உள்நாட்டை நோக்கி ஓட்டுகிறது. வழியிலே ஒரு கொடி குறுக்கிட்டால் அவ்விடத்தில் காற்றின் வேகம் தளர்கிறது. தளர்ந்த காற்றினால் மணலைச் சுமக்க முடிவதில்லை. மணல் அங்கேயே விழுகிறது. கொடி அந்த மணலுக்கு மேலே வளர்ந்து மீண்டும் காற்றை மறிக்கின்றது. இவ்வாறு மணலும் கொடியும் ஒன்றையொன்று உயர்த்தி, ஆண்டுகள் செல்ல, ஒரு மணல்மேட்டைக் கட்டுகின்றன. கடும் புயலிலே கடல் சீறி வரும்போது இந்த மேட்டின் மணலைக் கரைத்துச் செல்லும். அமைதி திரும்பியதும் அலையே அந்த மணலை மெல்ல மெல்லத் திருப்பிக் கொணரும். ஆகவே மணல்மேடு என்பது கரை தன் கெட்ட காலத்துக்கென வைத்திருக்கும் சேமிப்பு. அந்தச் சேமிப்பைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது அடம்பன் கொடி.

இதனை நாம் களை என்று எண்ணிப் பிடுங்குகிறோம். "கடற்கரையைத் துப்புரவாக்குதல்" என்ற பெயரிலே குப்பையோடு கொடியையும் வாரி எரிக்கிறோம். வீட்டிலிருந்து கடல் தெரியவேண்டும் என்பதற்காக மேட்டையும் வெட்டுகிறோம். இதன் விளைவு என்னவென்பதற்கு நமது நாட்டிலேயே சான்று உண்டு. 2005ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சுனாமி நிகழ்ந்து சில வாரங்களுக்குள், பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று இலங்கைக் கரைகளை அளந்து சென்றது. யால பகுதியில் உல்லாசப் பயணிகளின் விடுதியொன்று, கடற்காட்சி நன்றாகத் தெரியவேண்டுமென்று தனக்கு முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தது. அங்கே நீர் அயலிடங்களைவிட உயர்ந்து புகுந்து விடுதியை அழித்துவிட்டது. இந்த உண்மையை அக்குழு அவ்வாண்டிலேயே விஞ்ஞான சஞ்சிகையொன்றில் வெளியிட்டது.

2004 டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றி அம்பாறைக் கரையோர மக்களுக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. இலங்கையிலே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மாண்டவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்களிலே அந்த இழப்புத் தொடாத குடும்பம் அரிது. அத்தகைய பேரலையை ஒரு கொடி தடுத்திருக்கும் என்று கூறுவது பேதைமை. அவ்வாறு நான் கூறவில்லை. கூறுவது இதுவே: கடலுக்கும் நமக்கும் இடையே நிற்கும் உயரம் ஒவ்வோர் அடியும் மதிப்புடையது, அந்த உயரத்தை நமக்காக உழைத்துச் சேர்ப்பவர்களை நாமே கொல்லலாகாது.

கொடியினால் ஆகாதது இன்னொன்றும் உண்டு. ஒலுவில் துறைமுகம் 2013ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்டது. கிழக்குக் கரை நெடுகிலும் தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலை, அதன் அலைதடுப்பு அணைகள் மறித்துக்கொண்டன. தெற்கே மணல் குவிய, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிபட்டது. தென்னைகளும் நிலமும் கடலாயின. மணல் வரவே நின்றுபோன இடத்திலே கொடி எதைப் பிடிக்கும்? அங்கே வேண்டுவது பொறியியல் வழியான பரிகாரம். கொடி, காற்று கொண்டுவரும் மணலுக்குக் காவல். அலை கொண்டுபோகும் மணலுக்கு அதனால் தனித்து ஈடுசெய்ய இயலாது. இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால், நடவேண்டிய இடத்தில் நடுவோம்; முறையிட வேண்டிய இடத்தில் முறையிடுவோம்.

இனி நடும் முறை. காலம் ஐப்பசி நடுவிலிருந்து கார்த்திகை வரை; முதல் மழை மணலை நனைத்ததும் தொடங்கலாம். கையளவு தடிப்பில்லாத, நுனிக்குச் சற்றுப் பின்னேயுள்ள முற்றிய கொடியை, ஒன்றரை முழ நீளத்தில், குறைந்தது நான்கைந்து கணுக்கள் இருக்குமாறு வெட்டிக்கொள்ளுங்கள். அடர்ந்து படர்ந்த இடத்தின் உட்புறத்திலிருந்தோ, பாதையில் நீண்டு கிடப்பவற்றிலிருந்தோ வெட்டுங்கள். கடலை நோக்கிய முன்விளிம்பிலே கை வைக்காதீர்கள். வெட்டியவற்றை ஈரச் சாக்கிலே சுற்றி நிழலில் வைத்து அன்றே நடவேண்டும். ஒரு சாண் ஆழத்துக்குச் சால் கீறி, கொடியைப் படுக்கவைத்து, மூன்று கணுக்கள் மணலுள் அமிழவும் நுனி வெளியே நிற்கவும் மூடி, காலால் மெல்ல அழுத்துங்கள். செடிக்குச் செடி ஒரு யார் இடைவெளி போதும். மழை இடைவிட்டால் முதல் இரு வாரங்களும் மாலையிலே நன்னீர் தெளியுங்கள். உரம் வேண்டியதில்லை. இராவணன் மீசையையும் இவ்வாறே, ஓடும் தண்டைக் கணுவோடு வெட்டி நடலாம். அதன் இலைநுனி ஊசிபோற் குத்துமாதலால் பிள்ளைகள் விளையாடும் பக்கத்தைத் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் முற்றி உலர்ந்த காயிலிருந்து விதையை எடுத்து, அதன் கடினமான தோலை ஓரிடத்திலே அரத்தினால் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைக்கவேண்டும். தேய்க்காத விதை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நீர் உட்புக வழியில்லாததே காரணம்.

எங்கே நடுவது? கடலை நோக்கியுள்ள வளவின் முன்வரிசையில் அடம்பனும் இராவணன் மீசையும். அதற்குப் பின்னே தாழை போன்ற புதர்கள். அதற்கும் பின்னே சவுக்கு, பூவரசு, தென்னை. இயற்கை கரைக்குக் கொடுத்த ஒழுங்கு இதுவே. வீதிக்கு இந்தப் பக்கம், நான்கு சுவருக்குள்ளே அடங்கிய சிறு முற்றத்திலே அடம்பனை நடாதீர்கள். அது ஓட இடம் தேடும் கொடி, மல்லிகைப் பந்தலையும் கிணற்றடியையும் விட்டுவைக்காது. அங்கே உங்கள் ஜூனிப்பர்ச் சாடி இருக்கட்டும்.

நட்டதைக் காப்பதுதான் நடுவதைவிடக் கடினம். இக்கொடியின் பெரும் பகைவர் கடலும் அன்று, காற்றும் அன்று; நமது கால்கள். நூறு பேர் நூறு வழியாகக் கடலுக்கு இறங்கினால் எந்தக் கொடியும் நிலைக்காது. நூறு பேரும் ஒரு வழியாக இறங்கினால் மீதி இடம் முழுவதும் பசுமையாகும். ஆகவே இரு புறமும் முழங்கால் உயரக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஒவ்வோர் ஒழுங்கைக்கும் ஒரு நடைபாதை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தப் பாதையைக் கடலுக்கு நேராக விடாது சற்று வளைத்து விட்டால் காற்றும் அலையும் அதன்வழியே நேரே புகா. தோணி இழுக்கும் இடத்தையும், கரைவலை இழுக்கும் பாட்டையும், வலை காயவிடும் இடத்தையும் மீனவரோடு கலந்து பேசி முதலிலேயே ஒதுக்கிவிடவேண்டும். அவர்களுடைய தொழிலுக்கு இடையூறான நடுகை ஒரு மாரிக்கு மேல் நிலைக்காது, நிலைக்கவும் கூடாது.

சட்டமும் இதிலே நமக்குத் துணை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என வகுத்திருக்கின்றது. அவ்வலயத்திலே மணலையும் இயற்கைத் தாவரங்களையும் அகற்றுவது அனுமதி பெற்றே செய்யவேண்டிய காரியம். பலரும் அறியாத செய்தி இது. எனவே அடம்பனைப் பிடுங்கும் கை அறியாமற் பிடுங்கினாலும் சட்டத்துக்குப் புறம்பான செயலையே செய்கின்றது.

இன்னும் ஒரு சொல். ஒரு வீட்டார் மட்டும் தம் வளவின் முன்னே நட்டால், அது ஒரு சிறு பச்சைத் திட்டு. அடுத்த வீட்டு வெறுமணல் வழியே காற்று சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஓர் ஒழுங்கையின் வீட்டார் அனைவரும் ஒரே மாரியில் நட்டால் மூன்று நான்கு ஆண்டுகளில் அது ஒரு வரம்பு. ஒற்றைக் கொடியாய்க் கிடக்கும்போது ஒரு குழந்தையும் அறுத்துவிடக்கூடிய இந்த மெல்லிய தண்டைப் பார்த்துத்தான், "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். அவர்கள் மனிதரைப் பற்றிச் சொன்னார்கள் என்றே நாம் மேடைகளிற் கேட்டு வந்திருக்கிறோம். கொடியைப் பற்றியும் அது அப்படியே உண்மை.

வருகிற ஐப்பசியிலே முதல் மழை விழும் நாளில், கத்தியும் ஈரச் சாக்கும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். அயல்வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்து, திண்ணையில் இருக்கும் அந்த மலைநாட்டு விருந்தாளியின் சாடியைத் தாழ்வாரத்தின் கீழே நகர்த்தி வைக்கவும் மறவாதீர்கள். அதற்கு நமது மாரி ஆகாது.